ஒரு வாய்தா கிடைத்திருந்தால்… (வாசகர் கேள்வி – பதில்)

சென்ற இதழில், செய்யாத குற்றத்துக்கு மாட்டிக்கொண்டவரைப் பற்றிய கௌபாய் படம் ஏதாவது உங்கள் மனதில் தங்கியிருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. பலர் ஒரே படத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: ‘தி ஆக்ஸ்-போ இன்சிடென்ட்’ பார்த்தேன் சார். துரத்தல் கிடையாது, பெரிய துப்பாக்கிச் சண்டை கிடையாது, பாதிப் படம் ராத்திரியில் ஒரு மரத்தடியில் நடக்கிறது, அதுவும் செட் என்று பார்த்ததுமே தெரிகிறது. காசில்லாமல் எடுத்த படம் போல. ஆனால் ரெண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. ஏன் சார் இப்படி? – வாசகர், திண்டுக்கல்

செட்தான், நீங்கள் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். 1943-ல் வந்த படம். ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் பெரிய கம்பெனி, ஆனால் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த டேரில் ஸானக்குக்கு இந்தக் கதை ஓடும் என்ற நம்பிக்கையே இல்லை. இயக்குநர் வில்லியம் வெல்மன் விடாமல் கேட்டார், பதிலுக்கு வேறு படங்கள் செய்து தருவதாகவும் ஒப்புக்கொண்டார், அதன் பிறகுதான் சரி என்றார்கள். அதனால் செலவைச் சுருக்கி, பெரும்பகுதியை ஸ்டுடியோவுக்குள்ளேயே முடித்துவிட்டார்கள். மொத்தம் 75 நிமிடம்தான்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1885, நெவாடா. ஒரு பண்ணைக்காரரைச் சுட்டுக் கொன்றுவிட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஊருக்குள் செய்தி வருகிறது. ஷெரிஃப் ஊரில் இல்லை. அவருடைய டெபுடி, கூடியிருந்த ஆட்களுக்கெல்லாம் தானே பதவிப் பிரமாணம் செய்துவைத்துப் படையாகக் கிளப்புகிறான். உனக்கு அந்த அதிகாரமே கிடையாது என்று நீதிபதி சொல்கிறார், யாரும் காதில் வாங்கவில்லை. ராத்திரியில் மூன்று பேர் அகப்படுகிறார்கள். அவர்களிடம் அந்தப் பண்ணைக்காரரின் மாடுகள் இருக்கின்றன, விலைக்கு வாங்கியதாகச் சொல்கிறார்கள், ரசீது இல்லை. அவருடைய துப்பாக்கியும் ஒருவனிடம் இருக்கிறது. பொழுது விடிந்ததும் மூவரையும் தூக்கில் போட்டுவிடுகிறார்கள். திரும்பி வரும் வழியில் ஷெரிஃப் எதிரே வருகிறார். பண்ணைக்காரர் சாகவே இல்லை, சுட்டவர்களும் பிடிபட்டுவிட்டார்கள்.

தூக்கம் வராததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அந்த மூன்று பேரும் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. விட்டுவிடு என்றுகூட இல்லை, எங்களை ஊருக்குக் கொண்டுபோய் விசாரி, நாங்கள் சொல்வது உண்மையா என்று ஒரு ஆளை அனுப்பிப் பார் என்கிறார்கள். நம் ஊர் கோர்ட்டில் சொல்வோமே வாய்தா, அது ஒன்றுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஒரு காலைப்பொழுது தள்ளிப் போட்டிருந்தால் போதும், மூவரும் உயிரோடு இருந்திருப்பார்கள். நிறுத்தலாமா என்று கேட்கும்போது அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஏழே பேர்தான் இந்தப் பக்கம் வந்து நிற்கிறார்கள். அந்த ஏழு பேரில் வக்கீல் ஒருவர்கூட இல்லை. நியாயம் பேசும் கிழவர் ஒரு கடைக்காரர். அவர் மன்றாடுகிறார், ஆனால் கூட்டத்தை நிறுத்திக் கேள்வி கேட்கும் வித்தை அவருக்குத் தெரியவில்லை.

அப்புறம் அந்தச் செட் விஷயம். பரந்த வெளியும் மலையும் காட்டியிருந்தால் நம் கண் அந்தப் பக்கம் ஓடியிருக்கும். இங்கே ஓட இடமே இல்லை, அந்த முகங்களோடு நாமும் அடைபட்டுக் கிடக்கிறோம். காசு இல்லாததால் கிடைத்த பலன் என்றே இதைச் சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கதாநாயகன் ஹென்றி ஃபோண்டா 14 வயதில் ஒமாஹா நகரத்தில் தன் அப்பாவின் அச்சகத்து ஜன்னல் வழியாக, வில் பிரௌன் என்ற கறுப்பினத்தவரை ஒரு கும்பல் தூக்கில் தொங்கவிட்டுக் கொல்வதைப் பார்த்தவர். 1919 செப்டம்பரில் நடந்தது அது. படத்தின் கடைசியில், தூக்கில் போடப்பட்ட மூவரில் ஒருவன் தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தை ஃபோண்டா மதுக்கடையில் வாசிக்கிறார், பக்கத்தில் நிற்கும் நண்பனின் தொப்பி விளிம்பு அவர் கண்ணை மறைத்திருக்கிறது. குரல் மட்டும்தான் நமக்கு. எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிடுகிறது.

கேள்வி: ஜான் வெய்ன் வக்கீலாக நடித்திருக்கிறாராமே, உண்மையா? – வாசகி, நாகர்கோவில்

உண்மை. 1936-ல் வந்த ‘கிங் ஆஃப் தி பெக்கோஸ்’. ரிபப்ளிக் என்ற சின்னக் கம்பெனியின் படம், ஒரு மணி நேரம்கூட ஓடாது. அப்போது ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டுவார்கள், அதில் இரண்டாவதாகப் போடுவதற்கென்றே சில நாட்களில் எடுத்து முடிக்கும் படங்கள் இவை. பெற்றோரைக் கொன்று தண்ணீரையும் நிலத்தையும் வளைத்துக்கொண்டவன்மேல், சட்டம் படித்துவிட்டு வந்து வழக்குப் போடுகிறான் மகன். தண்ணீர் உரிமையை வைத்துக் கதை சொன்னது எனக்குப் பிடித்தது, அந்த வறண்ட பூமியில் உண்மையான சண்டையெல்லாம் அதற்காகத்தான். ஆனால் கடைசியில் வக்கீலும் துப்பாக்கியைத்தான் எடுக்கிறார், அது எனக்கு ஏமாற்றம்.

கேள்வி: அந்தக் காலத்து எல்லைப்புற ஊர்களில் நிஜமாகவே படித்த வக்கீல்கள் இருந்தார்களா, இல்லை சினிமாக்காரர்கள் கட்டிவிட்டதா? – வாசகர், புதுக்கோட்டை

இருந்தார்கள். ஆனால் பலரும் சட்டக் கல்லூரிப் பக்கமே போகாதவர்கள். ஒரு மூத்த வக்கீலின் அலுவலகத்தில் உட்கார்ந்து புத்தகங்களைப் படிப்பார்கள், பிறகு ஒரு நீதிபதியோ சில வக்கீல்களோ கேள்வி கேட்டுப் பார்த்து, பரவாயில்லை என்றால் அனுமதி கொடுத்துவிடுவார்கள். நீதிபதி ஊர் ஊராகக் குதிரையில் போவார், வக்கீல்களும் பின்னாலேயே போவார்கள்.

இவர்களில் எனக்குப் பிடித்தவர் டெம்பிள் ஹூஸ்டன். டெக்சாஸ் தலைவர் சாம் ஹூஸ்டனின் கடைசி மகன், 1860-ல் ஆஸ்டினில் ஆளுநர் மாளிகையிலேயே பிறந்தவர். பிறகு ஓக்லஹோமாவில் உட்வர்ட் என்ற ஊரில் தொழில் நடத்தினார். 1899-ல் மின்னி ஸ்டேசி என்ற ஏழைப் பெண்மேல் பாலியல் தொழில் வழக்கு, அவளுக்கு வக்கீல் வைக்க வசதி இல்லை. இவர் கொஞ்ச நேரத்தில் தயார் செய்துகொண்டு எழுந்து பேசினார், ஜூரிகள் அவளை விடுவித்துவிட்டார்கள். அந்தப் பேச்சை இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள்.

அவரைப் பற்றி இன்னொரு கதையும் காலம் காலமாகச் சொல்வார்கள். தன் கட்சிக்காரரின் எதிராளி எவ்வளவு வேகமாகச் சுடுபவன் என்று விளக்குகிறேன் பேர்வழி என்று கோர்ட்டுக்குள்ளேயே ஜூரிகளைப் பார்த்து வெற்றுத் தோட்டாக்களைச் சுட்டாராம். ஜூரிகள் பதறியடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடிவிட்டார்கள். தீர்ப்பு பாதகமாக வந்ததும், ஜூரிகள் வெளியாட்களோடு கலந்துவிட்டார்கள், இந்த விசாரணை செல்லாது என்று மனுப் போட்டு மறுவிசாரணை வாங்கினார் என்பது கதை.

கேள்வி: ‘யங் மிஸ்டர் லிங்கன்’ படத்தில் லிங்கன் பஞ்சாங்கத்தைக் காட்டி வழக்கை ஜெயிக்கிறாரே, அது நிஜமா? – வாசகர், காரைக்குடி

படத்தில் நிறைய மாற்றியிருக்கிறார்கள், ஆனால் பஞ்சாங்கம் நிஜம். 1858 மே மாதம், இல்லினாய் மாநிலத்தில் பியர்ட்ஸ்டவுன் என்ற ஊர்க் கோர்ட். டஃப் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற இளைஞன்மேல் கொலைக் குற்றம். அவனுடைய அப்பா, லிங்கன் பிழைப்புத் தேடி நியூ சேலம் ஊருக்கு வந்த புதிதில் அவரோடு மல்லுக்கட்டி, பிறகு நெருங்கிய நண்பரானவர். அவர் இறந்துபோயிருந்தார். அம்மாவுக்காக லிங்கன் இந்த வழக்கை எடுத்தார், காசு வாங்கவில்லை.

முக்கிய சாட்சி, 1857 ஆகஸ்ட் 29 இரவு 11 மணி வாக்கில் சுமார் 150 அடி தூரத்திலிருந்து அடிப்பதைப் பார்த்ததாகச் சொன்னான். எப்படித் தெரிந்தது? நிலா வெளிச்சத்தில். லிங்கன் அவசரப்படவே இல்லை. நிலா எங்கே இருந்தது, எவ்வளவு வெளிச்சம் என்று திரும்பத் திரும்பக் கேட்டு, அவன் வாயாலேயே அதை உறுதிப்படுத்திக்கொண்டார். அதன் பிறகுதான் பஞ்சாங்கத்தை எடுத்தார். அதன்படி அந்த நேரத்தில் நிலா அடிவானத்துக்கு இறங்கி மறையப் போகிற நிலை. டஃப் விடுதலை ஆனான். லிங்கன் போலிப் பஞ்சாங்கத்தைக் காட்டினார் என்று பின்னால் ஒரு வதந்தி ஓடியது. வானியல் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், நிலா அப்போது தாழ்ந்துதான் இருந்தது என்று சொல்லிவிட்டார்கள்.

1939-ல் வந்த அந்தப் படத்தில் லிங்கனாக நடித்தவரும் இதே ஹென்றி ஃபோண்டாதான். சிறைக் கதவை உடைக்க வரும் கும்பலை அதில் அவர் பேசியே திருப்பி அனுப்புகிறார். நான்கு வருடம் கழித்து ‘ஆக்ஸ்-போ’வில் அதே ஆள் கும்பலுக்கு நடுவில் நிற்கிறார், ஒன்றும் செய்ய முடியவில்லை. முடிந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

கேள்வி: நான் சட்டக் கல்லூரி மாணவன் சார். இந்த மாதிரிக் கதையில் வக்கீல் முழுநீளமாக வரும் படம் ஒன்று சொல்லுங்கள். – மதுரை

‘சார்ஜென்ட் ரட்லெட்ஜ்’ பாருங்கள் தம்பி. 1960, ஜான் ஃபோர்டு படம். முன்னவற்றைவிட வசதியாக எடுத்ததுதான், ஆனால் கதை ராணுவ நீதிமன்ற அறைக்குள்தான் சுற்றுகிறது. கறுப்பின வீரர்கள் அடங்கிய ஒன்பதாவது குதிரைப்படையின் சார்ஜென்ட்மேல், தளபதியின் மகளைக் கெடுத்துக் கொன்றதாகவும் தளபதியையும் கொன்றதாகவும் வழக்கு. அவரைக் கைது செய்த லெப்டினன்ட்டே அவருக்காக வாதாடுகிறார்.

குற்றம் சாட்டுபவர்களுக்கு ஒரே சாட்சியம் போதுமாக இருக்கிறது: அவர் ஓடிவிட்டார். குற்றம் செய்யாதவன் ஏன் ஓட வேண்டும்? தன் நிறத்துக்கு விசாரணை நியாயமாக நடக்காது என்று நினைத்தவன் ஓடுவான் என்பதை அந்த அறையில் புரியவைக்க வக்கீல் எவ்வளவு பாடுபடுகிறார் என்று கவனியுங்கள். தப்பிப் போனவர், தன் படை ஆபத்தில் இருப்பது தெரிந்ததும் எச்சரிக்கத் திரும்பி வந்து விலங்கோடு நிற்கிறார். ரட்லெட்ஜாக நடித்த வுடி ஸ்ட்ரோடு அந்தப் படத்தின் உயிர், ஆனால் டைட்டிலில் முதல் பெயர் அவருடையது இல்லை. அந்த அநியாயம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. வக்கீலாக வரும் ஜெஃப்ரி ஹண்டர்தான், மேலே சொன்ன டெம்பிள் ஹூஸ்டனாகவும் 1963-ல் ஒரு டிவி தொடரில் நடித்தார்.

கேள்வி: எங்கள் குடும்பத்துச் சொத்து வழக்கு 19 வருடமாக நடக்கிறது. வாய்தா, வாய்தா, வாய்தா. கௌபாய் ஊர்களில் மாதிரி ஒரே வாரத்தில் தீர்ப்புச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? – வாசகர், விருதுநகர்

உங்கள் கோபம் நியாயமானது, 19 வருடம் என்பது கொடுமை, அதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் அந்த வேகமான தீர்ப்பு எப்படி இருந்தது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஆர்கன்சாவில் ஃபோர்ட் ஸ்மித் என்ற ஊரில் ஐசக் பார்க்கர் என்று ஒரு நீதிபதி, 1875 முதல் 1896 வரை இருந்தார். பக்கத்திலிருந்த பெரிய பழங்குடிப் பிரதேசத்தின் வழக்குகள் அவரிடம்தான் வரும். 160 பேருக்கு மரண தண்டனை விதித்தார், 79 பேர் தூக்கில் தொங்கினார்கள். அவர் நேர்மையானவர், கடுமையாக உழைப்பவர், லஞ்சம் வாங்கியவரும் இல்லை. ஆனால் முதல் 14 வருடம் அவருடைய தீர்ப்புக்கு மேல்முறையீடே கிடையாது. ஜனாதிபதி கருணை காட்டினால் உண்டு, இல்லாவிட்டால் கயிறுதான்.

1889-ல் நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றி, மரண தண்டனை பெற்றவர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றது. அதன் பிறகு அங்கே போன பார்க்கரின் தீர்ப்புகளில் பாதிக்கும் மேல் செல்லாது என்று திரும்பி வந்தன. பெரும்பாலும் ஜூரிகளுக்கு அவர் சட்டத்தை விளக்கிய விதத்தில் தவறு. அந்த வழக்குகள் திரும்ப விசாரணைக்கு வந்தன. 1889-க்கு முன்னால் தூக்கு மேடைக்குப் போனவர்களின் வழக்குக் கட்டுகளை அப்படி யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.