ஆஸ்கர் இரவு விருந்து: படத்துக்கு ஒயின் தேடாதீர்கள், தட்டுக்குத் தேடுங்கள்

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். வருகிற மார்ச்சில் ஆஸ்கர் விழாவை நேரலையில் பார்க்க வீட்டில் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். நான்கு பேர் சைவம், மூன்று பேர் மது தொடமாட்டார்கள். போட்டியில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் ஒரு உணவு, ஒரு ஒயின் என்று வைக்க ஆசை. கனமான படத்துக்குக் கனமான சிவப்பு ஒயின், பச்சை நிறக் கதாநாயகிக்குப் பச்சை காக்டெய்ல் என்று ஒரு பட்டியலும் போட்டுவிட்டேன். கூடவே நம்ம மிளகாய் பஜ்ஜி, சிக்கன் 65 உண்டு. இது சரிவருமா? எத்தனை பாட்டில் வாங்கலாம்?

பதில்: சரிவரும். ஆனால் பட்டியலை ஒரு இடத்தில் திருத்த வேண்டும். ஒயினை நேராகப் படத்தோடு சேர்க்காதீர்கள். படம் எந்த ஊரில் நடக்கிறது, அதில் வருகிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று பாருங்கள். அந்த ஊர்ச் சாப்பாட்டில் ஒன்றை எடுங்கள். பிறகு அந்தச் சாப்பாட்டுக்கு ஒயினைத் தேடுங்கள். படத்தின் கனம் மனதுக்குத்தான் தெரியும். நாக்குக்குத் தெரிவது உப்பு, புளிப்பு, காரம், கொழுப்பு, துவர்ப்பு. படம் மூன்றரை மணி நேரம் ஓடுகிறது என்பதற்காகத் துவர்ப்பு மிகுந்த காபர்னே சாவிஞோன் என்ற சிவப்பு ஒயினை ஊற்றி, பக்கத்தில் சிக்கன் 65 வைத்தால் ஒயினும் வீண், சிக்கனும் வீண்.

இன்னொன்று. பத்துப் படத்துக்கும் பத்து உணவு வேண்டாம். அப்படிச் செய்தால் விழா முடியும்வரை நீங்கள் அடுப்படியில்தான் நிற்பீர்கள். நான்கு படம் போதும்.

உங்கள் ஆண்டின் பரிந்துரைகள் ஜனவரியில்தான் வரும். அதனால் எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய ஒரு பட்டியலை வைத்து வழியைச் சொல்கிறேன். 2025 மார்ச் 2 அன்று நடந்த 97-ஆவது விழாவில் சிறந்த படத்துக்குப் போட்டியிட்டவற்றில் 'தி ப்ரூட்டலிஸ்ட்', 'கான்க்ளேவ்', 'அனோரா', 'ஐ ஆம் ஸ்டில் ஹியர்' நான்கையும் எடுத்துக்கொள்வோம்.

'தி ப்ரூட்டலிஸ்ட்' படத்துக்குத்தான் நீங்கள் சிவப்பு ஒயின் போட்டிருப்பீர்கள். அதன் நாயகன் லாஸ்லோ டோத், போருக்குப் பிறகு அமெரிக்கா வந்து சேரும் ஹங்கேரிய யூதக் கட்டடக் கலைஞர். ஆகவே ஹங்கேரிக்குப் போங்கள். அங்கே லெச்சோ என்று ஒரு எளிய குடைமிளகாய்-தக்காளித் தொக்கு உண்டு. எண்ணெயில் வெங்காயத்தைப் பொன்னிறம் வரும்வரை நிதானமாக வதக்குங்கள். பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பாப்ரிகா என்ற சிவப்பு மிளகாய்த் தூளைப் போடுங்கள். இதில் கவனம் தேவை. சூடான எண்ணெயில் பாப்ரிகா சில நொடிகளில் கருகிக் கசந்துவிடும். ஒரு கிளறு கிளறி, நறுக்கிய மஞ்சள் குடைமிளகாயைச் சேர்த்து மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். அது பாதி வெந்ததும் தக்காளி, உப்பு. தண்ணீர் ஊற்ற வேண்டாம், காய் விடும் சாறே போதும். கடுகு, பெருங்காயம் போடக் கை போகும், போடாதீர்கள். ஹங்கேரியில் பன்றிக் கொழுப்பில் செய்கிற வழக்கமும் உண்டு. ஒரு யூதரின் கதைக்கு எண்ணெய்தான் பொருத்தம், உங்கள் சைவ நண்பர்களுக்கும் அதுவே வசதி. முதல் நாளே செய்து வைத்தால் ருசி கூடும். வறுத்த ரொட்டித் துண்டுகளின் மேல் வைத்துக் கொடுங்கள், ஒரு கையால் சாப்பிடலாம்.

இதற்கு ஃபுர்மிண்ட் திராட்சையில் செய்த இனிப்பில்லாத வெள்ளை ஒயின். ஹங்கேரியின் டோக்காய் பகுதியில் விளைவது, நல்ல புளிப்புள்ளது. தக்காளிக்கு அந்தப் புளிப்பு வேண்டும். ஒயினில் புளிப்புக் குறைந்தால் தக்காளிக்குப் பக்கத்தில் அது தண்ணீர் மாதிரித் தெரியும்.

அதே டோக்காயில்தான் டோக்காய் அசூ என்ற இனிப்பு ஒயினும் செய்கிறார்கள். எந்தெந்த நிலம் டோக்காய் என்று 1737-லேயே அரச ஆணை போட்டு எல்லை வகுத்த பகுதி அது. ஒரு வகைப் பூஞ்சை பிடித்துக் கொடியிலேயே சுருங்கிய பழங்களைக் கையால் பொறுக்கிச் செய்வார்கள். லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை இருக்கும், ஆனால் புளிப்பும் கூடவே நிற்பதால் திகட்டாது. விலை கூடுதல்தான். 500 மில்லி பாட்டில் ஒன்று போதும், ஆளுக்கு 50 மில்லி. சிறந்த படம் அறிவிக்கும் நேரத்துக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. கூட நீலப் பாலாடைக்கட்டி, உலர்ந்த ஆப்ரிகாட், வறுத்த பாதாம். குலாப் ஜாமூன் மட்டும் வேண்டாம். இனிப்பு ஒயின், கூட வைக்கும் பலகாரத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒயின் வெறும் புளிப்பாகிவிடும். ஜாமூனை வெல்லும் ஒயின் அரிது. அதைக் கடைசியில் ஃபில்டர் காபியோடு கொடுங்கள்.

'கான்க்ளேவ்' ரோமில், வாத்திகனுக்குள் நடக்கும் கதை. ரோமின் பெயர்பெற்ற உணவு காச்சோ எ பெப்பே. பாஸ்தா, பெக்கொரீனோ ரொமானோ என்ற செம்மறி ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, மிளகு, அவ்வளவுதான். அதைப் பன்னிரண்டு பேருக்குச் சுடச்சுடக் கட்டி தட்டாமல் செய்வது உணவகத்துக்காரருக்கே சோதனை. அதே ருசியைப் பாப்கார்னுக்கு மாற்றிவிடுங்கள். சோளத்தைப் பொரித்த சூட்டோடு உருக்கிய நெய்யை மெல்லிய தாரையாக ஊற்றிக் குலுக்குங்கள். மாவு போல மிக நைசாகத் துருவிய சீஸைத் தூவி மறுபடி குலுக்குங்கள். கடைசியில் உரலில் அப்போதே இடித்த மிளகு, ஒன்றிரண்டாக. நெய் இருந்தால்தான் சீஸ் ஒட்டும், இல்லாவிட்டால் எல்லாம் கிண்ணத்தின் அடியில் கிடக்கும். உப்பைத் தொடாதீர்கள், சீஸிலேயே தாராளமாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. அசல் பெக்கொரீனோ ரொமானோவில் பாலை உறைய வைக்க ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைச் சேர்க்கிறார்கள். பார்மிஜானோ என்ற இத்தாலியப் பாலாடைக்கட்டியிலும் கன்றின் ரென்னெட்தான். உங்கள் நான்கு நண்பர்களும் கண்டிப்பான சைவம் என்றால், சைவ ரென்னெட் என்று லேபிளில் எழுதிய சீஸை வாங்கித் தனிக் கிண்ணத்தில் செய்யுங்கள். ஒயினிலும் இந்தச் சிக்கல் உண்டு. தெளிய வைக்க முட்டை வெள்ளை, பால் புரதம், மீனின் காற்றுப்பை இவற்றில் ஒன்றைச் சேர்க்கும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். வீகன் என்று எழுதிய பாட்டிலாகக் கேட்டு வாங்கினால் கவலையில்லை.

இந்த பாப்கார்னுக்கு ப்ரூட், அதாவது இனிப்புக் குறைந்தது, என்று எழுதிய ஸ்பார்க்ளிங் ஒயின். உப்பும் கொழுப்பும் நாக்கில் படிய, நுரையும் புளிப்பும் கழுவிவிடும், கை தானாக அடுத்த பிடிக்குப் போகும். ஷாம்பேன் தேவையில்லை, ஸ்பெயினின் காவா நன்றாக இருக்கும். ரோமுக்கும் மிளகுக்கும் ஒயினுக்கும் நமக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு, விருந்தில் சொல்லுங்கள். முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனக் கப்பல்களை அகநானூறு பாடுகிறது. யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைப் புறநானூறு பாடுகிறது. அந்த மது வந்த ஜாடிகளின் உடைசல்கள் அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன.

'ஐ ஆம் ஸ்டில் ஹியர்' பற்றிப் பேசும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். 1971-இல் பிரேசிலின் ராணுவ ஆட்சி கூட்டிக்கொண்டு போன ரூபென்ஸ் பாய்வா திரும்பி வரவே இல்லை. அவர் மனைவி யூனிஸின் கதை அது. நடந்த கதை. இதற்கு அலங்காரம், வேடிக்கைப் பெயர் எதுவும் வேண்டாம். பாவோ டி கேஜோ என்ற சீஸ் உருண்டைகளை ஒரு தட்டில் வையுங்கள், பிரேசிலியர்கள் வீட்டில் அன்றாடம் சாப்பிடுவது. மரவள்ளி மாவில் செய்வது, கோதுமை கிடையாது. உங்களுக்குப் பக்கத்தில் நியூவார்க்கின் அயர்ன்பவுண்ட் பகுதியில் பிரேசில், போர்ச்சுகல் கடைகள் நிறைய. உறைய வைத்த பாக்கெட் வாங்கி ஓவனில் வைத்தால் போதும். ஏற்கெனவே திறந்த ஸ்பார்க்ளிங் ஒயினே இதற்கும் சரி. பிரேசிலுக்கு முதல் ஆஸ்கரை வாங்கிக் கொடுத்த படம் இது.

'அனோரா' நியூயார்க்கின் பிரைட்டன் பீச் பக்கத்துக் கதை, ரஷ்ய மொழி புழங்கும் பகுதி. உருளைக்கிழங்கு அடைத்த, கொழுக்கட்டை போன்ற வரேனிக்கியை உறைந்த பாக்கெட்டாக வாங்கி வேகவைத்து, மேலே நெய்யில் சிவக்க வறுத்த வெங்காயமும் புளித்த க்ரீமும் போடுங்கள். அசைவர்களுக்கு இறைச்சி வைத்த பெல்மெனி. பெல்மெனிக்கு ஜார்ஜியா நாட்டின் சப்பெராவி என்ற சிவப்பு ஒயின் வாங்குங்கள். சிவப்புதான் வேண்டும் என்று கேட்கிற விருந்தினர் எங்கும் ஒருவர் இருப்பார், அவருக்கும் ஆயிற்று. உருளைக்கிழங்குக்கு ஃபுர்மிண்டே போதும்.

இப்போது பஜ்ஜியும் சிக்கன் 65-ம். இவற்றை நிறுத்தச் சொல்லமாட்டேன், எல்லோரும் முதலில் கை வைப்பது இவற்றில்தான். ஆனால் சப்பெராவியை இந்தத் தட்டின் பக்கம் கொண்டு வராதீர்கள். நாக்கில் எரிச்சலை உணரும் அதே இடத்தைத்தான் மிளகாயின் காரமும் தூண்டுகிறது, ஆல்கஹாலும் தூண்டுகிறது. 14 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயின் எரிகிற இடத்தில் இன்னும் எண்ணெய் விடும். சிவப்பு ஒயினின் துவர்ப்பு சேர்ந்தால் வாய் வறண்டுவிடும். வேண்டியது ஆல்கஹால் குறைந்த, கொஞ்சம் இனிப்பும் நல்ல புளிப்பும் உள்ள ஒயின். ஜெர்மனியின் மோசல் பகுதியில் செய்யும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின், லேபிளில் காபினெட் என்று இருக்கட்டும். பெரும்பாலும் 8 முதல் 10 சதவீதம்தான் இருக்கும். ட்ரோக்கன் என்று இருந்தால் அது இனிப்பில்லாத வகை, இதற்கு உதவாது. நன்றாகக் குளிர வைத்துக் கொடுங்கள்.

மது தொடாத மூன்று பேருக்குக் கோலா டப்பாவை நீட்டிவிடக் கூடாது. முதல் ஆஸ்கர் விருது 1929 மே 16 அன்று ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் ஒரு விருந்தில்தான் வழங்கப்பட்டது. அப்போது அமெரிக்காவில் மதுவிலக்கு, சட்டப்படி அங்கே மது பரிமாற வழியில்லை. எனவே மது இல்லாத கோப்பைக்கும் இந்த இரவில் முழு மரியாதை உண்டு. உங்கள் பச்சைப் பானத்தை இங்கே கொண்டு வாருங்கள். வெள்ளரி, புதினா, எலுமிச்சை மூன்றையும் அரைத்து வடிகட்டி, சோடா சேர்த்து, ஒரு சிட்டிகை உப்பு. பச்சை நிறக் கதாநாயகி வரும் 'விக்கெட்' படத்துக்கும் ஆயிற்று, பாப்கார்னுக்கும் பொருந்தும். சிக்கன் 65-க்கு இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்ட நீர்மோர். மோரில் உள்ள பால் புரதம் காரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். அந்த வேலையை எந்த ஒயினும் இவ்வளவு நன்றாகச் செய்யாது.

கணக்குக்கு வருவோம். குடிப்பவர்கள் ஒன்பது பேர். ஞாயிறு இரவு, மறுநாள் வேலை. 750 மில்லி பாட்டிலில் வழக்கமான 150 மில்லி வீதம் ஐந்து கோப்பைதான் வரும். நீங்கள் 75 மில்லி வீதம் ஊற்றுங்கள், பத்து வரும். ஒரு பாட்டில் எல்லோருக்கும் ஒரு சுற்று. ஸ்பார்க்ளிங் இரண்டு, ரீஸ்லிங், ஃபுர்மிண்ட், சப்பெராவி தலா ஒன்று, கடைசிக்கு அந்தச் சின்ன டோக்காய். இதற்கு மேல் வேண்டாம். நியூ ஜெர்சியில் பெரும்பாலான சூப்பர்மார்க்கெட்டுகளில் ஒயின் கிடைக்காது. தனி மதுக்கடைக்குத்தான் போக வேண்டும். ஃபுர்மிண்டும் சப்பெராவியும் எல்லாக் கடையிலும் இருக்காது, இரண்டு வாரம் முன்பே கேட்டு வையுங்கள்.

உங்கள் நேரப்படி 97-ஆவது விழா இரவு 7 மணிக்குத் தொடங்கி நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. பெரிய விருதுகளில் பெரும்பாலானவை கடைசி முக்கால் மணி நேரத்தில்தான். எண்ணெயில் பொரிப்பதும் ஓவனில் வைப்பதும் முதல் ஒரு மணி நேரத்தோடு முடியட்டும். வரேனிக்கியை அதன் பிறகு வரும் ஒரு விளம்பர இடைவேளையில் வேகவிடுங்கள், அது மிதந்து வர சில நிமிடங்கள்தான். எட்டரை மணிக்கு மேல் அடுப்பு வேண்டாம். கத்தியால் வெட்டிச் சாப்பிட வேண்டிய எதையும் வைக்காதீர்கள், மடியில் தட்டோடு திரையைப் பார்க்கிறவர்கள் உங்கள் விருந்தினர்கள்.

குளிர்ச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்ச்சில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும். அந்தச் சூட்டில் சிவப்பு ஒயின் மந்தமாகி, ஆல்கஹால் வாடைதான் முன்னால் நிற்கும். சப்பெராவியை ஊற்றுவதற்கு 20 நிமிடம் முன்பு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஃபுர்மிண்டை அதே 20 நிமிடம் முன்பு வெளியே எடுங்கள், அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் மணம் வராது. ஸ்பார்க்ளிங் ஒயின் ஊற்றும்வரை உள்ளேயே இருக்கட்டும். திறக்கும்போது தக்கையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருகுங்கள், மெல்லிய சீறலோடு திறந்தால் நுரை வீணாகாது.

வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் யார் என்று முதல் கோப்பைக்கு முன்பே பேசி வைத்துவிடுங்கள். மிஞ்சிய ரீஸ்லிங்கும் ஃபுர்மிண்டும் மூடி வைத்தால் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் தாங்கும். டோக்காய் சில வாரம்கூட இருக்கும். ஸ்பார்க்ளிங் மிஞ்சினால் அதற்கென்று விற்கும் அழுத்த மூடியைப் போட்டு, மறுநாளே முடித்துவிடுங்கள்.