ஏபி அமெரிக்க வரலாறு: ஆவணக் கட்டுரையில் மட்டும் மதிப்பெண் குறைந்தால்

மகள் ஏபி (அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் கல்லூரித் தரத்தில் நடத்தும் பாடம்) வரலாற்றில், கொடுத்த ஆவணங்களை வைத்து வாதம் எழுதும் ஆவணக் கட்டுரையில் மட்டும் தடுமாறுகிறார், வகுப்பை மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறீர்களா? மாற்ற வேண்டாம். கொள்குறி வினாக்களை நன்றாகச் செய்துவிட்டு ஆவணக் கட்டுரையில் மட்டும் 7-க்கு 2, 3 என்று வாங்குகிறார் என்றால், வரலாறு அவருக்குத் தெரிகிறது. எழுதும் முறையில்தான் சிக்கல்.

பெரும்பாலும் ஏழு ஆவணங்களையும் வரிசையாகச் சுருக்கி எழுதியிருப்பார். ஏபி தேர்வின் அளவுகோலில் வெறும் சுருக்கத்துக்கு ஒரு மதிப்பெண்தான். நான்கு ஆவணங்களையாவது தன் வாதத்துக்குச் சான்றாக நிறுத்தினால் இரண்டு. ஆவணங்களில் இல்லாத, பொருத்தமான ஒரு சான்றுக்கு இன்னொன்று. இரண்டு ஆவணங்களை யார், யாருக்காக, ஏன் எழுதினார்கள், அது வாதத்தை எப்படித் தாங்குகிறது என்று விளக்கினால் மேலும் ஒன்று. இதைப் பிள்ளைகள் எளிதாக விட்டுவிடுகிறார்கள்.

கடைசிக் கட்டுரையை எடுத்து, "இந்த ஆவணம் சொல்கிறது" என்ற பாணியில் உள்ள வாக்கியங்களை அடித்துவிடச் சொல்லுங்கள். அப்புறம் மீதியைப் படியுங்கள். வாதம் எதுவும் மிஞ்சவில்லை என்றால் காரணம் அதுதான்.

ஆனால் ஒன்று: வகுப்பில் ஆசிரியர் தனக்கென்று ஓர் அளவுகோல் வைத்திருக்கலாம், முதலில் அவரிடம் கேளுங்கள். எப்படியும் மே மாதத் தேர்வில் இந்த ஒரு கட்டுரைக்கே 25 சதவீதம் இருக்கிறது. இதில் செலவிடும் நேரம் வீண்போகாது.