தங்கம் எடுத்த ஊருக்கு ஒரு வார இறுதி: கார்டில் போடலாமா?

கேள்வி: நாங்கள் அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங்கில் இருக்கிறோம். திண்டுக்கல்லில் இருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருக்கிறார்கள். நவம்பர் கடைசியில் ஊர் திரும்புகிறார்கள். மாமனார் ஒரு நகைக்கடையில் 30 வருடம் கணக்கு எழுதியவர். பக்கத்தில் டலோனிகா என்று தங்கச் சுரங்க ஊர் ஒன்று இருப்பது தெரிந்ததில் இருந்து அதைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறார். அக்டோபரில் அங்கே திருவிழா நடக்கும் வார இறுதியில் போகலாம் என்று கணக்குப் போட்டோம். ஊர் நடுவில் உள்ள பழைய பாணி விடுதியில் இரண்டு அறை, இரண்டு இரவு, 880 டாலர். குழந்தைகள் இரண்டு பேரையும் சேர்த்து ஆறு பேரும் ஒரே வண்டியில் போக மினிவேன் வாடகை 220. சாப்பாடு 250, டிக்கெட் 100. மொத்தம் 1,450 டாலர். எங்கள் கிரெடிட் கார்டில் ஏற்கெனவே 3,200 டாலர் நிலுவை, வட்டி 24 சதவீதம். "இதையும் அதிலேயே போட்டுவிட்டு அடுத்த மாசமே கட்டிவிடலாம்" என்கிறார் கணவர். இன்னொரு கார்டு இருக்கிறது. அதில் நிலுவை எதுவும் இல்லை, அதிகம் பயன்படுத்துவதும் இல்லை. வீட்டில் இரண்டு கார் உண்டு. சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும். அங்கே ஒரு பழைய தங்கக் காசு வாங்கிவைத்தால் பேரப்பிள்ளைகளுக்கு முதலீடாக இருக்கும் என்று மாமனார் வேறு சொல்கிறார். போகலாமா, இல்லை பெரியவர்களிடம் ஏதாவது சாக்குச் சொல்லிவிடலாமா?

பதில்: போய் வாருங்கள் சகோதரி. சாக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் அந்தக் கார்டில் போடாதீர்கள், அந்த வாரம் போகாதீர்கள், காசு வாங்காதீர்கள். இந்த மூன்றையும் விட்டால் இதே பயணம் 600 டாலரில் முடியும் என்பது என் கணக்கு.

முதலில் கார்டு. "அடுத்த மாசமே கட்டிவிடலாம்" என்று உங்கள் கணவர் சொல்வதில் பலருக்கும் தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டுகிறவர்களுக்குத்தான் வட்டியில்லாத அவகாசம். நிலுவை வைத்திருக்கும் கார்டில் புதிதாக எதை வாங்கினாலும், பெரும்பாலான கார்டுகளில் வாங்கிய அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். விடுதிக்காரர் கார்டைத் தேய்த்த நாளில் இருந்தே 24 சதவீதம். அதோடு, 3,200-ஐ அடைக்க முடியாமல் இருக்கும்போது அடுத்த மாதம் 1,450 மட்டும் எங்கிருந்து வரும்? மாதம் 100 டாலர் வீதம் அடைத்தால் இந்தப் பயணத்துக்கு மட்டும் 17 மாதத்துக்கு மேல் கட்டுவீர்கள். வட்டி ஏறக்குறைய 280 டாலர். அடுத்த வருடத் திருவிழாவும் முடிந்திருக்கும், இந்த வருட விடுதிக்குத் தவணை போய்க்கொண்டிருக்கும்.

"3,200 கடன் இருக்கும்போது ஊர் சுற்றுவதே தப்பில்லையா" என்று கேட்கிறவர்களும் உண்டு. சாதாரணமாக நானும் கடனை முதலில் அடையுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் பெரியவர்கள் நவம்பரில் விமானம் ஏறிவிடுவார்கள். அடுத்து எப்போது வருவார்கள், அப்போது அவர்களுடைய முழங்கால் எப்படி இருக்கும் என்பதற்கு எந்த வங்கியும் உத்தரவாதம் தராது. கடனுக்கு இப்போது கட்டும் தொகையை ஒரு டாலர்கூடக் குறைக்காமல், பயணத்துக்குத் தனியாகச் சேர்த்துவிட்டுப் போங்கள்.

இப்போது ஆகஸ்ட் கடைசி. நான் சொல்லும் பயணம் நவம்பர் இரண்டாம் வாரம், காரணத்தை அடுத்துச் சொல்கிறேன். அதற்குள் குறைந்தது ஐந்து சம்பளம் வரும். அந்த ஐந்து ஒவ்வொன்றிலும் 120 டாலரைச் சம்பளம் வந்த அன்றே வேறு ஒரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ஐந்து முறை மாற்றினால் 600.

அக்டோபர் மூன்றாம் வார இறுதியை நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் திருவிழா மட்டுமல்ல. வடக்கு ஜார்ஜியா மலைகளில் இலை நிறம் மாறும் பருவமும் அதே சமயம்தான். அட்லாண்டாவே அந்தப் பக்கம் கிளம்பும். அறை வாடகை ஏறும். பல விடுதிகள் இரண்டு இரவு எடுத்தால்தான் தருவோம் என்பார்கள். அந்தச் சின்ன ஊரில் வண்டி நிறுத்த இடம் தேடியே மாமனாருக்குப் பாதி நாள் போய்விடும். நவம்பர் கடைசியில் வரும் நன்றி செலுத்தும் நாள் முடிந்தால் கிறிஸ்துமஸ் விளக்குக் கூட்டம் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே நவம்பர் இரண்டாம் வாரம்தான் மூச்சுவிடும் இடம். மலையில் கொஞ்சம் நிறம் மிச்சம் இருந்தாலும் இருக்கும்.

உங்கள் வீட்டில் இருந்து டலோனிகா சுமார் 30 மைல். ஜிஏ 400 சாலையில் ஏறினால் காப்பி ஆறுவதற்குள் போய்விடலாம். இதற்கு எதற்கு இரண்டு இரவு? சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு மாலை திரும்பினால் போதும், ஒரே இரவு. அதைக்கூட விட்டுவிட்டு ஒரே நாளில் திரும்பலாம்தான், செலவு பாதியாகும். ஆனால் எழுபதை நெருங்குகிறவர்களை காலையில் சுரங்கம், மாலையில் அருவி என்று ஓட்டினால் அது அவர்களுக்குப் பயணமாக இருக்காது. அந்த ஓர் இரவுக்கான பணம் வீணில்லை என்பது என் அபிப்பிராயம்.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் விடுதி அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மாதிரி இடங்களில் ஓர் அறையில் எத்தனை பேர், குழந்தைகளை அனுமதிப்பார்களா, மாடிப்படி எத்தனை என்பதையெல்லாம் முதலில் கேட்க வேண்டும். ஊர் எல்லையில் காலை உணவோடு தரும் சாதாரண ஹோட்டலில் இரண்டு அறை எடுங்கள். கீழ்த்தளமாகக் கேளுங்கள். தனி வீடு வாடகைக்கு எடுத்தால் மலிவு என்று யாராவது சொல்வார்கள். ஓர் இரவுக்கு அது சரிப்படாது, துப்புரவுக் கட்டணமே ஓர் அறை வாடகை அளவுக்கு வந்து நிற்கும். இணையத்தில் காட்டும் வாடகையோடு விற்பனை வரி, ஊரின் தங்கும் வரி, அப்புறம் ஜார்ஜியா மாநிலம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு வாங்கும் 5 டாலர் எல்லாம் சேரும். கடைசிப் பக்கத்தில் வரும் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும்.

மினிவேன் வேண்டாம். இரண்டு காரில் போங்கள். அருவி வரை போய் வந்தாலும் ஒரு காருக்கு 100 மைல். இரண்டுக்கும் பெட்ரோல் 30 டாலருக்குள் அடங்கும். போகும்போது தாத்தாவோடு ஒரு பேரப்பிள்ளை, வரும்போது இன்னொன்று என்று மாற்றி உட்காரவைத்தால் சண்டையும் இருக்காது.

ஆக, அறைக்கு 280, பெட்ரோலுக்கு 30, சாப்பாட்டுக்கு 130, சுரங்கமும் மற்ற டிக்கெட்டும் 110, கைச்செலவுக்கு 50. அறையை அந்த நிலுவை இல்லாத இரண்டாவது கார்டில், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் பதிவு செய்யுங்கள். டெபிட் கார்டைக் கொடுக்க வேண்டாம். பல ஹோட்டல்கள் முன்பணமாக ஒரு தொகையைப் பிடித்து வைக்கும், அது உங்கள் கணக்கில் உள்ள ரொக்கத்தையே சில நாள் முடக்கும். திரும்பி வந்த திங்கட்கிழமை சேமிப்பில் இருந்து எடுத்து அந்தக் கார்டை முழுதாக அடைத்துவிடுங்கள்.

சாப்பாட்டில் ஒன்று. பெரியவர்கள் சைவமா என்று நீங்கள் எழுதவில்லை. சைவம் என்றால் அமெரிக்கத் தென்மாநிலச் சமையலில் கீரையும் பீன்ஸும் பன்றி இறைச்சித் துண்டோடு வெந்திருக்க வாய்ப்பு அதிகம், கேட்டுவிட்டு வாங்குங்கள். வெண்டைக்காய் வறுவல் இருக்கும். கிரிட்ஸ் என்பது சோள ரவைக் கஞ்சி. உப்பும் வெண்ணெயும் போட்டால் மாமியாருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை மதியத்துக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போனால் ஒரு வேளைச் செலவு மிச்சம்.

ஊருக்குள் பணம் எங்கே கொடுக்க வேண்டும், எங்கே வேண்டாம் என்று பார்ப்போம். சதுக்கத்தின் நடுவில் நிற்பது 1836-ல் கட்டிய நீதிமன்றம். இப்போது அது தங்க அருங்காட்சியகம், மாநிலத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஜார்ஜியாவின் பொது நூலகங்களில் மாநிலப் பூங்கா பாஸ் இரவலாகக் கிடைக்கும்; ஒரு வண்டிக்கு நிறுத்தக் கட்டணம் இல்லை, இதுபோன்ற வரலாற்றிடங்களுக்கு நான்கு பேர் வரை நுழையலாம். புத்தகம் எடுப்பதுபோல்தான், நூலக அட்டை போதும். செப்டம்பரிலேயே போய்க் கேட்டு வையுங்கள். அதே பாஸ் அமிக்கலோலா அருவிக்கும் ஆகும். 729 அடி உயர அருவி. 600 படிக்கு மேல் இருக்கிறது என்று மாமியார் பயப்பட வேண்டாம், மேலே வரை காரிலேயே போகலாம்.

அருங்காட்சியகத்தில் மாமனாரை அவசரப்படுத்தாதீர்கள். கலிபோர்னியாவுக்கு 20 ஆண்டுகள் முன்பே, 1829-ல், தங்கம் தேடி ஆட்கள் குவிந்த மலை இது. அப்போது இது செரோகி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் நிலம். ஊரின் பெயரே மஞ்சள் என்ற பொருள் தரும் அவர்கள் சொல்லில் இருந்து வந்தது. அந்த நிலத்தை 40 ஏக்கர் துண்டுகளாக்கி 1832-ல் ஜார்ஜியா அரசு லாட்டரியில் வெள்ளையர்களுக்குக் கொடுத்தது. மத்திய அரசின் நாணயச்சாலை இங்கே காசு அச்சிட ஆரம்பித்தது 1838-ல்; செரோகி மக்களைப் படை வைத்து மேற்கே விரட்டியதும் அதே 1838-ல்தான். வழியிலும் முகாம்களிலும் சுமார் 4,000 பேர் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள். தங்கத்தை மட்டும் காட்டிவிட்டு வந்தால் அந்த ஊரைப் பாதிதான் பார்த்ததாகும்.

அங்கே அச்சான 5 டாலர் காசின் எடை 8.36 கிராம், 90 சதவீதம் தங்கம். நம் பவுன் 8 கிராம். கணக்கு எழுதியவருக்கு இதைச் சொன்னால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார்.

பார்ப்பதோடு நிற்கட்டும். உள்நாட்டுப் போர் வந்து 1861-ல் அந்த நாணயச்சாலை மூடப்பட்டுவிட்டது. அங்கே அச்சான காசுகள் குறைவு என்பதால் விலை தங்கத்தின் விலை அல்ல, அரிதான பொருளின் விலை. போலிகளும் உண்டு. டலோனிகா காசில் "டி" என்ற எழுத்து இருக்கும். 1906 முதல் டென்வர் நாணயச்சாலையும் அதே எழுத்தைத்தான் போடுகிறது. எழுத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கும்போது கொடுத்த விலை விற்கும்போது கிடைக்காது. லாபம் வந்தாலும் தங்கக் காசைச் சேகரிப்புப் பொருள் என்று கணக்கிட்டு 28 சதவீதம் வரை அமெரிக்க வரி போடலாம். மாமனார் கையோடு ஊருக்கு வரி கட்டாமல் எடுத்துப் போகவும் முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரியில்லாமல் தங்கம் கொண்டுபோகும் இந்தியச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களின் நகைக்குத்தான். ஆறு மாதம் வந்து போகிறவர்களுக்கு இல்லை, காசுக்கும் இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு முதலீடு என்றால் கடன் அடைந்த பிறகு கல்விச் சேமிப்புக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். தாத்தா பெயரைச் சொல்லி 25 டாலரில்கூட ஆரம்பிக்கலாம்.

நான் தாராளமாகச் செலவு செய்யச் சொல்வது ஒன்றுக்குத்தான்: மண் அரித்துத் தங்கம் எடுப்பது. சுரங்கத்துக்குள் இறங்கும் சுற்றில் படிகள் உண்டு, உள்ளே ஈரமும் குளிரும். மாமியாருக்கு அது வேண்டாம். வெளியே தொட்டிப் பக்கம் உட்காரவையுங்கள். சில வருடம் முன்பு என் அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். தட்டில் மண்ணையும் தண்ணீரையும் விட்டு எப்படிச் சுழற்றுவது என்று அங்கிருந்த பையன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அம்மா தட்டைத் தடவிப் பார்த்தார், உள்பக்கம் வரிவரியாக இருந்தது. "இது நம்ம அரிக்கன்சட்டிடா" என்றார். பிறகு பையன் சொன்னது எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. ரேஷன் அரிசியில் கல் அரித்த கை. மணிக்கட்டு மட்டும் அசைய, தண்ணீர் ஓரமாக வழிய, மண் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க் கடைசியில் கருமணல் கோட்டின் நுனியில் மூன்று மஞ்சள் துளி நின்றது. வீட்டில் கல் அடியில் தங்கி அரிசி ஒதுங்கும், இங்கே எடை கூடிய தங்கம் அடியில் தங்கும், வேலை ஒன்றுதான். அந்தத் துளிகளின் விலை நாங்கள் கட்டிய கட்டணத்துக்கு ஈடாகாது. அம்மா அதைச் சின்னக் குப்பியில் தண்ணீரோடு ஊருக்கு எடுத்துப் போய்ப் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறார்.

கிளம்பும் முன் பெரியவர்களின் மருத்துவக் காப்பீடு அவர்கள் திரும்பும் தேதி வரை செல்லுமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். முதல் 120 டாலரை இந்த வெள்ளிக்கிழமை சம்பளத்திலேயே மாற்றிவிட்டு, அறையை அன்றைக்கே பதிவு செய்யுங்கள். மாமனாரிடம் தேதியைச் சொல்லிவிடலாம்.