நகைக்கடைக் கருவியும் சிவப்புப் பாசியும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரை ஒட்டிய மேட்டு நிலத்தில் உழவு ஓட்டியபோது மிளகளவில் நாற்பது சிவப்புக் கண்ணாடிப் பாசிமணிகள் கிடைத்தன. கருப்பு-சிவப்புப் பானையோடுகளும் உடன் கிடந்தன. நண்பரின் நகைக்கடையில் தங்கம் சோதிக்கும் எக்ஸ்ரே கருவியில் ஒரு மணியை வைத்துப் பார்த்தோம். பாதிக்கு மேல் செம்பு, மீதி இரும்பும் கொஞ்சம் ஈயமும் என்று காட்டியது. சோடியமே இல்லை. ரோமானியக் கண்ணாடியில் சோடா, அதாவது சோடியம் சேர்ந்த உப்பு, உண்டு என்கிறார்கள். அப்படியானால் இது ரோமிலிருந்து வந்ததில்லையா? செம்பு எந்தச் சுரங்கத்தினுடையது என்று கண்டுபிடித்தால் மணியின் ஊர் தெரிந்துவிடுமா?

செ., திருக்கோவிலூர் வட்டம்

*

அன்புள்ள செ.,

முதலில் அந்த எண்களை மறந்துவிடுங்கள். தங்கம் பார்க்கும் கருவி உலோகத்துக்கென்று செய்தது. தான் கண்ட உலோகங்களை மட்டும் கூட்டி நூறு விழுக்காடாக்கிக் காட்டும். மணியின் பெரும்பகுதியான சிலிக்கா (மணலின் மூலப்பொருள்) அந்தக் கணக்கிலேயே வரவில்லை. இவ்வகைச் சிவப்பு மணிகளில் செம்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு விழுக்காடுதான் இருக்கும். சோடியம் இல்லை என்பதற்கும் பொருளில்லை. சோடியம் வெளிவிடும் எக்ஸ்ரே ஆற்றல் குறைந்தது. மணிக்கும் உணரிக்கும் நடுவிலுள்ள காற்றே அதை விழுங்கிவிடும்.

ஆய்வாளர்கள் கையில் எடுத்துச் செல்லும் எக்ஸ்ஆர்எஃப் கருவி (எக்ஸ்ரே பாய்ச்சித் தனிமங்களை அறிவது) இதைவிட மேல். ஆனாலும் அதை மட்டும் நம்பி எழுதப்பட்ட முடிவுகளை நான் ஐயத்தோடுதான் படிக்கிறேன். சிலிக்கான், அலுமினியம் போன்ற லேசான தனிமங்களின் எக்ஸ்ரே கண்ணாடியின் மேல்தோலிலிருந்து மட்டுமே வெளியே வரும். மண்ணில் ஈராயிரம் ஆண்டு கிடந்த மணியில், ஈரம் அந்தத் தோலிலிருந்து சோடியத்தைக் கழுவிக்கொண்டு போயிருக்கும். எஞ்சியிருக்கும் அலுமினாவின் (அலுமினிய ஆக்சைடு) விகிதம் தானாக ஏறித் தெரியும். நம் பகுதி மணிகளுக்கு அலுமினாதான் முக்கியத் தடயம் என்பதால் இந்தப் பிழை ஆளையே ஏமாற்றிவிடும். கருவி காட்டும் எக்ஸ்ரே வரைபடத்தில் பேரியத்தின் கோடும் டைட்டானியத்தின் கோடும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுவது இன்னொரு தொல்லை.

செம்புக்கு வருகிறேன். கண்ணாடியில் நிறம் வேறு, உடல் வேறு. காற்று குறைந்த உலையில் செம்பு நுண்ணிய துகள்களாகப் பிரிந்து நிற்பதால் அந்தச் சிவப்பு வருகிறது. அந்தச் செம்பு பழைய பாத்திரத் துண்டாகக்கூட இருந்திருக்கலாம். ஈயத்தின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) விகிதமும் அப்படித்தான். அது சுரங்கத்தைச் சுட்டும், கண்ணாடி உருகிய ஊரைச் சுட்டாது.

உடல் என்பது மணலும், அதை எளிதில் உருகச் செய்யும் உப்பான காரமும். ரோமானியக் கண்ணாடிக்கு எகிப்து, லெவாந்து (மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரை) கடற்கரை மணலும் எகிப்தின் வாதி நத்ரூன் ஏரிப் படுகையின் நேட்ரான் என்ற சோடியம் உப்பும் சேர்ந்தன. நேட்ரான் தூய்மையானது. அதனால் மக்னீசியா, பொட்டாசு (மக்னீசியம், பொட்டாசியத்தின் ஆக்சைடுகள்) இரண்டும் தனித்தனியே 1.5 விழுக்காட்டுக்குக் கீழே நிற்கும். செடிச் சாம்பலில் செய்திருந்தால் இரண்டுமே அதைத் தாண்டும். ரோமானியக் கண்ணாடியில் அலுமினா 2 முதல் 3 விழுக்காடு, சுண்ணாம்பு 6 முதல் 9 விழுக்காடு வரை வருவது வழக்கம்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பெருவாரியாகக் கிடைக்கும் மணிகளில் இது தலைகீழ். அலுமினா 5 விழுக்காட்டுக்கு மேல், பல மணிகளில் 10 விழுக்காட்டையும் தொடும், சுண்ணாம்பு குறைவு. கருங்கல் சிதைந்த ஆற்றுமணலில் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மிகுதி. அலுமினா அதிலிருந்து வருகிறது. காரம், தரையில் பூத்து நிற்கும் உவர்மண்ணிலிருந்து. துணி வெளுக்க உவர்மண் அள்ளிய ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் மணிகளும் இந்த வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சோதிக்காமல் உறுதி சொல்ல மாட்டேன்: அரிக்கமேட்டிலேயே சோடாக் கண்ணாடியோடு பொட்டாசு மிகுந்த கண்ணாடியும் கிடைத்திருக்கிறது.

சரியான சோதனை, லேசர் கொண்டு துளையிட்டு, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் நிறைநிறமாலைமானியில் அளப்பது. மணியை மூடிய சிறு அறைக்குள் வைத்து, சுமார் 0.1 மி.மீ. அகலத்தில் ஒரு புள்ளியை லேசரால் சுடுவார்கள். கண்ணுக்கு வடு தெரியாது. முதல் இருபது விநாடி வரும் ஆவி மேல்தோலினுடையது, அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிறகு வரும் ஆவியை ஹீலியம் வாயு ஆர்கான் பிளாஸ்மாவுக்கு (மின்னூட்டம் பெற்ற மிகச் சூடான வாயு) கொண்டுபோகும். ஒரே மணியில் மூன்று நான்கு புள்ளிகள் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். ஒளிபுகாச் சிவப்பில் நிறத்துகள்கள் சீராகப் பரவியிருக்காது. இடையிடையே கலவை முன்பே தெரிந்த கார்னிங், நிஸ்ட் என்ற அமெரிக்க நிறுவனங்களின் மேற்கோள் கண்ணாடிகளையும் அளந்து ஒப்பிடாவிட்டால் அந்த அறிக்கையை நம்பாதீர்கள்.

இதில் பத்து லட்சத்தில் சில பங்கே உள்ள யுரேனியமும் பிடிபடும். அலுமினா மிகுந்த கண்ணாடிக்குள்ளேயே குழுக்கள் பிரிவது இங்கேதான். யுரேனியம் குறைந்து பேரியம் மிகுந்தால் தென்னிந்திய, இலங்கைப் பழங்குழு. யுரேனியம் மிகுந்து பேரியம் குறைந்தால், மகாராஷ்டிரக் கரையின் சௌல் போன்ற இடங்களில் காணப்படும் 9-ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தைய குழு. இரண்டாவது வந்தால் உங்கள் மணிகள் அந்தக் கருப்பு-சிவப்பு ஓடுகளின் காலத்தவை அல்ல, உழவில் கலந்தவை என்று ஆகும்.

வேதியியல் சொல்வது மணலும் காரமும் கூடி உருகிய நிலப்பகுதியை மட்டும்தான். மணி உருவான இடம் வேறாக இருக்கலாம். கண்ணாடி கட்டியாகவே விலைபோன சரக்கு. இலங்கையின் கிரிபாவாவில் கண்ணாடியையே உருக்கிய எச்சங்கள் உண்டு. தாய்லாந்தின் க்லோங் தோமில் மணி செய்த கழிவுகள் உண்டு. மணி செய்த ஊரைக் கழிவுதான் காட்டும்: அறுந்த குழாய்த் துண்டு, ஒட்டிக்கொண்ட மணிகள், உருகிய கட்டி. உங்கள் நிலத்தில் இவை கிடந்தனவா என்பதே எனக்கு ரோமைவிடப் பெரிய கேள்வி.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். குமிழிகள் துளைக்கு இணையாக நீண்டிருந்தால், ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் செய்ததுபோலக் குழாயாக இழுத்து நறுக்கிய மணி. குமிழிகள் துளையைச் சுற்றி வளைந்தால் கம்பியில் சுற்றியது. பச்சை பூத்த தோலை எலுமிச்சையோ வினிகரோ போட்டுத் தேய்க்காதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்தில் தெரிவித்து ஒப்படையுங்கள். உடைந்த மணிகளைத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுங்கள். தோல் படியாத புது உடைவு சோதனைக்கு முழு மணியைவிட நல்லது.