செனோவெத் என்றால் புத்தன்வீடு

கோலார் தங்கவயலில் வேலை பார்த்த குடும்பங்களிலிருந்து, பழைய சீட்டுகளில் கண்ட துரைமார் பெயர்களைப் பற்றி நிறையக் கடிதங்கள் வருகின்றன. இந்த இதழில் கார்ன்வால் பெயர்களுக்கு மட்டும் பதில்.

அல்சூர் வாசகி: என் பாட்டியின் ஞானஸ்நானச் சீட்டில் அவருடைய அப்பாவின் குடும்பப் பெயர் 'செனோவெத்' என்று இருக்கிறது. ஊர் மாரிக்குப்பம். இது எந்த நாட்டுப் பெயர்? பொருள் ஏதாவது உண்டா? இந்தப் பெயர் உள்ளவர்கள் எல்லோரும் எங்களுக்குச் சொந்தமா?

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் நீண்டு கிடக்கிறது கார்ன்வால். அங்கே பேசப்பட்ட கார்னிஷ் மொழி ஆங்கிலத்தின் கிளை அல்ல. வெல்ஷ், பிரெட்டன் மொழிகளுக்கு உடன்பிறப்பு. உங்கள் பெயர் அந்த மொழியைச் சேர்ந்தது. 'சை' என்றால் வீடு, 'நொவெத்' என்றால் புதியது. அடைமொழி பெயருக்குப் பின்னால் வருவதால் 'வீடு புதிது' என்ற வரிசை. வெல்ஷ் மொழியில் வீட்டுக்கு 'டீ' என்பார்கள்; அந்த 'ட'கரம் கார்னிஷில் 'ச'கரமாகிவிட்டது.

கன்னியாகுமரிப் பக்கத்து வாசகர்களுக்கு இதற்கு விளக்கமே வேண்டாம். அங்கே புத்தன்வீடு என்ற வீட்டுப் பெயர் ஊருக்கு ஊர் உண்டு. இரண்டு புத்தன்வீட்டுக்காரர்கள் கல்யாணத்தில் சந்தித்தால் "எந்தப் புத்தன்வீடு?" என்றுதானே முதலில் கேட்பார்கள்? கார்ன்வாலிலும் அதே கதை. புதிதாக வீடு எழுந்த இடமெல்லாம் சைநொவெத் ஆனது. அப்படிப் பெயர்கொண்ட பண்ணைகள் பல. ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியாகக் குடும்பப் பெயர் கிளம்பியிருக்கலாம். ஆகவே பெயர் ஒன்று என்பதால் ரத்தம் ஒன்று என்று சொல்ல முடியாது. எந்த பாரிஷ், அதாவது எந்தக் கோயில் பங்கு, என்று தெரிந்தால்தான் பேச்சு.

அமெரிக்காவில் இந்தப் பெயர் பெருகியதற்குக் காரணம் 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேரிலாந்துக்குப் போன ஒரு குடும்பம். அந்த மூதாதை, மேரிலாந்தை ஆண்ட பால்டிமோர் பிரபுவின் மகளை மணந்தார் என்று வம்சாவளிப் புத்தகங்களில் வெகுகாலம் எழுதி வந்தார்கள். அதற்கு ஆவணச் சான்று கிடையாது. ஜமீன் சம்பந்தம் கோத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல போலும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சீட்டில் அந்தப் பெயர் 'தந்தை' என்ற கட்டத்தில் இருக்கிறதா, 'ஞானப் பெற்றோர்' கட்டத்தில் இருக்கிறதா? கத்தோலிக்கப் பதிவேட்டின் நகல் என்றால் இரண்டும் பக்கம் பக்கமாக இருக்கும். அவசரத்தில் நகலெடுத்தவர் கட்டம் மாற்றி எழுதியிருந்தால், ஞானத்தகப்பனைப் பிடித்துக்கொண்டு கார்ன்வால் வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கும்.

தாமஸ் டவுன் வாசகர்: 1600-களின் பதிவு ஒன்றில் ஒரே ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர்கள், நடுவில் 'அலையஸ்' (என்கிற) என்ற சொல். போலீஸ் ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருக்கிறதே, குற்றவாளியா?

இல்லை. மேற்குக் கார்ன்வாலில் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் குடும்பப் பெயர் தாமதமாகத்தான் நிலைத்தது. அதற்கு முன் இரண்டாவது பெயர் அப்பாவின் பெயராக இருக்கும், நம் இனிஷியல் போல; மகன் காலத்தில் அது மாறும். அல்லது குடியிருக்கும் பண்ணையின் பெயராக இருக்கும். பண்ணை மாறினால் பெயரும் மாறும். பண்ணைக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்றில்லை, குத்தகைக்காரரும் அந்தப் பெயரால்தான் அழைக்கப்பட்டார். குத்தகையும் வாரிசு உரிமையும் குழம்பிவிடக் கூடாதே என்று எழுத்தர் பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்தே எழுதினார்.

இதனால் தேடுகிறவருக்கு வரும் தொல்லை: அண்ணன் ஒரு பெயர், தம்பி வேறு பெயர். 1600-க்கு முன்னால் போகும்போது பெயரை விட்டுவிட்டுப் பண்ணையைப் பின்தொடர வேண்டும். பாரிஷ் பதிவேடுகள் 1538-ல் தொடங்க உத்தரவானது. பல பாரிஷ்களில் முதல் ஏடுகள் தொலைந்துவிட்டன. அந்த ஓட்டையை ஓரளவு அடைப்பது 1641-42-ல் எடுக்கப்பட்ட உறுதிமொழிப் பட்டியல். 18 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்களின் பெயர்கள் பாரிஷ் வாரியாக அதில் உண்டு. ஒரு பெயர் எந்த மூலையில் குவிந்திருந்தது என்று ஒரே பார்வையில் தெரியும்.

தேதியிலும் கவனம். 1752-க்கு முன் அங்கே ஆண்டு பிறந்தது மார்ச் 25-ல். 1700 ஏப்ரலில் திருமணம், 1700 பிப்ரவரியில் குழந்தை என்று இருந்தால் பதறாதீர்கள். அந்த பிப்ரவரி நம் கணக்கில் 1701.

கம்மனஹள்ளி வாசகர்: இங்கிலாந்தில் எத்தனையோ பகுதிகள் இருக்க, தங்கவயலுக்கு மட்டும் ஏன் கார்ன்வால்காரர்கள் வந்தார்கள்?

பாறைதான் காரணம். நிலக்கரி எடுப்பது வேறு வித்தை. கார்ன்வாலில் செம்பும் வெள்ளீயமும் கடும்பாறைக்குள் செங்குத்தான நரம்புகளாக இறங்கும். நரம்பைத் தொடர்ந்து வெடிவைத்துக் கீழே போக வேண்டும், ஊறும் தண்ணீரை நீராவி இயந்திரத்தால் மேலே ஏற்ற வேண்டும், எடுத்த கல்லை இடித்து உலோகம் பிரிக்க வேண்டும். கோலாரிலும் தங்கம் கிடந்தது வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்புக்குள். அதே வேலை, வேறு உலோகம். ஆழத்தை அவர்கள் அடியில் சொல்வதில்லை, பாகத்தில் சொல்வார்கள். நம் மீனவர்கள் கடலை அளப்பது போல, ஒரு பாகம் 6 அடி.

அவர்கள் நேரே இங்கே வந்துவிடவில்லை. 1820-களின் நடுவிலேயே மெக்சிகோவின் ரியல் டெல் மோன்ட்டே வெள்ளிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். அவர்கள் கொண்டுபோன, இறைச்சி பொதிந்த மாவுப் பண்டம் அந்தப் பகுதியில் இன்றும் 'பாஸ்தே' என்று விற்கிறது. பிறகு விஸ்கான்சினின் ஈயம், மிச்சிகனின் செம்பு, 1845-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் பர்ரா, 1860-களில் அதே மாநிலத்தில் மூண்டா, வாலரூ. 1866-ல் லண்டனில் ஓவரெண்ட் கர்னி நிறுவனம் முறிந்து நிதிச் சந்தை சரிந்தது. செம்பு விலையும் வீழ்ந்திருந்ததால் கார்ன்வாலின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. 1870-களில் ஆஸ்திரேலிய வெள்ளீயம் சந்தையில் குவிந்து, மிச்சமிருந்த பிழைப்பையும் நெருக்கியது.

கோலாரில் தங்கம் தேட மைக்கேல் லவெல் என்ற அயர்லாந்துக்காரர் 1875-ல் உரிமம் பெற்றார். 1880-ல் மைசூர் கம்பெனி தொடங்கியது. நிர்வாகம் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கைக்கு வந்தது. அந்த நிறுவனத்தின் முதல் ஜான் டெய்லர் 1819-லிருந்தே கார்ன்வாலின் குவெனப் பாரிஷில் பெரிய செம்புச் சுரங்கங்களை நடத்தியவர். ரியல் டெல் மோன்ட்டேக்கு ஆள் அனுப்பியவரும் அவரே. ஆகவே ஆள் வேண்டும் என்றால் எந்த ஊர்க் கதவைத் தட்ட வேண்டும் என்று அந்த நிறுவனத்துக்குத் தெரியும். தங்கவயலில் இத்தாலியர்களும் இருந்தார்கள். நிலத்தடியில் பெரும்பாலான உழைப்பு வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து போன நம்மவர்களுடையது.

தேடுகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கோலாருக்கு வந்தவர் கார்ன்வாலில் பிறந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பெற்றோர் மூண்டாவில் பத்து வருஷம் இருந்தபோது பிறந்திருக்கலாம். இங்கிலாந்துப் பிறப்புப் பட்டியலில் ஆள் இல்லை என்றால் அடுத்துத் தெற்கு ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். பதிவில் 'கேப்டன்' என்று கண்டால் ராணுவப் பட்டியலில் நாள் கழிக்க வேண்டாம். கார்ன்வால் வழக்கில் கேப்டன் என்றால் சுரங்க மேற்பார்வையாளர்.

ஃப்ரேசர் டவுன் வாசகி: பெங்களூரில் இருந்துகொண்டே தேட வழி சொல்லுங்கள். எதில் தொடங்குவது, எங்கே தவறு வரும்?

கார்ன்வாலில் தொடங்காதீர்கள். கையில் இருக்கும் காகிதத்திலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். பாதி பேர் தோற்பது இங்கேதான்: இணையத்தில் அதே பெயருள்ள ஒரு பிரபலமான குடும்பமரத்தைப் பார்த்ததும் அதன் கிளையில் போய் ஒட்டிக்கொள்கிறார்கள்.

வீட்டில் ஞானஸ்நானச் சீட்டு, திருமணச் சான்று, சுரங்கத்தில் கொடுத்த வேலைச் சான்று, பைபிளின் முதல் பக்கம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். பெயரை ஒவ்வொன்றிலும் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே குறியுங்கள், திருத்த வேண்டாம். பிறகு ஒரு நாள் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துச் சுரங்க ஊர்களின் கல்லறைத் தோட்டங்களுக்குப் போங்கள். வெயில் சாய்வாக விழும் காலையில் எழுத்து நன்றாகத் தெரியும். நடுப்பகலில் கல் தட்டையாகத் தெரியும். சாக்பீஸ் தேய்ப்பதும் கம்பிப் பிரஷ் போடுவதும் கல்லைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் போதும்.

அடுத்தது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்கள். இங்கே நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் அங்கே போயின. வரிசை எண் என்/1 வங்காளம், என்/2 மதராஸ், என்/3 பம்பாய். மைசூர் சமஸ்தானமாக இருந்தாலும் இங்குள்ள ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) பதிவுகளை மதராஸில்தான் தேட வேண்டும். ஃபிபிஸ் என்ற குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் தேடல் பட்டியல் இலவசம். மூலப் பக்கத்தின் படம் ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் கட்டணத்துக்குக் கிடைக்கும். ஞானஸ்நானத்தைவிடத் திருமணப் பதிவுக்கு மதிப்பு அதிகம், மணமகனின் அப்பா பெயர் அதில் இருக்கும். கடல் தாண்ட உதவும் பாலம் அந்த ஒரு கட்டம்தான். ஆனால் லண்டனில் இருப்பது நகல். சந்தேகம் வந்தால் அந்தந்தச் சபையின் மூலப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். கார்ன்வால்காரர்களில் பெரும்பாலோர் மெத்தடிஸ்ட், அதாவது ஜான் வெஸ்லி வழிவந்த சபையினர். எனவே ஆங்கிலிக்கன் கோயிலில் பெயர் இல்லை என்றால் பழைய வெஸ்லியன் சபையை விசாரியுங்கள். மிஷன் ஆவணங்களுக்கு மில்லர்ஸ் சாலையில் உள்ள ஐக்கிய இறையியல் கல்லூரியின் காப்பகத்தை அணுகலாம்.

அப்பா பெயரும் தோராயமான வயதும் கிடைத்துவிட்டால் இங்கிலாந்துப் பிறப்புப் பட்டியலுக்குப் போகலாம். அரசுப் பதிவு 1837 ஜூலை 1-ல் தொடங்கியது. பட்டியல் காலாண்டு வாரியானது. பிறந்து 42 நாளுக்குள் பதிந்தால் போதும் என்பதால், டிசம்பரில் பிறந்தவர் அடுத்த ஆண்டின் மார்ச் காலாண்டில் இருக்கலாம். தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் சொந்தப் பட்டியலையே பயன்படுத்துங்கள். 1837 முதலே தாயின் பிறந்தவீட்டுப் பெயர் அதில் உண்டு. மற்றத் தளங்களில் 1911-லிருந்துதான். அந்தப் பட்டியலில் 'ரெட்ரூத்' என்று கண்டால் அது ரெட்ரூத் ஊரை மட்டும் குறிப்பதல்ல, பதிவு மாவட்டம். கேம்போர்ன், குவெனப், இல்லோகன் எல்லாம் அதற்குள் அடக்கம்.

பாரிஷைச் சொல்லப்போவது மக்கள்தொகைக் கணக்கு. 1851 முதல் பிறந்த பாரிஷ் எழுதப்பட்டிருக்கும். 1841-ல் அது இல்லை. அதோடு, 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகியிருப்பார். 1871, 1881 கணக்குகளில் மனைவி குடும்பத் தலைவியாகவும் தொழில் கட்டத்தில் 'சுரங்கத் தொழிலாளியின் மனைவி' என்றும் இருந்தால், கணவர் கடல் கடந்திருக்க வாய்ப்பு அதிகம். 'பால் மெய்டன்' என்ற சொல்லைக் கண்டால் திகைக்க வேண்டாம். 'பால்' என்றால் கார்னிஷில் சுரங்கம். மேலே கல் உடைத்த பெண்களுக்கு அந்தப் பெயர்.

பாரிஷ் தெரிந்தபின் கார்ன்வால் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ் என்ற இலவசத் தளம். தேடும்போது பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்தை (Ch) மட்டும் வைத்துத் தொடங்குங்கள். செனோவெத், சைனோவெத், சினோவித் எல்லாம் ஒரே ஆளுக்கு எழுதப்பட்டவை. மெத்தடிஸ்ட் குடும்பமாக இருந்தாலும் 1754 முதல் 1837 வரை திருமணத்தை ஆங்கிலிக்கன் பாரிஷ் கோயிலில்தான் தேட வேண்டும், சட்டம் அப்படி. மூல ஏடுகள் ரெட்ரூத்தில் 2019-ல் திறந்த கிரெசன் கெர்னோ காப்பகத்தில் இருக்கின்றன.

இந்திரா நகர் வாசகர்: 'ட்ரெ, பொல், பென்' என்று தொடங்கினால் கார்ன்வால் பெயர் என்கிறார்களே, நம்பலாமா?

1602-ல் ரிச்சர்ட் கேரூ அச்சிட்ட பழமொழி அது. 'ட்ரெ' பண்ணைவீடு, 'பொல்' குளம், 'பென்' தலை அல்லது முனை. பெங்கெல்லி என்றால் தோப்பின் தலைமாடு. பழமொழி பாதிக்கு உதவும். ட்ரெவர் வெல்ஷ் பெயர். வீட்டைக் குறிக்கும் 'பொஸ்' தொடக்கத்தை நம்பி பொசன்கே என்பதைக் கார்ன்வாலில் தேடினால் கிடைக்காது. அது பிரான்ஸிலிருந்து வந்த ஹூகெனாட் (பிரெஞ்சு புராட்டஸ்டண்ட்) குடும்பம். மறுபக்கம், பழமொழியில் சிக்காத கார்னிஷ் பெயர்கள் ஏராளம்: ஆங்கோவ் என்றால் கொல்லர், டையாக் என்றால் உழவர், பாஸ்கோ ஈஸ்டரிலிருந்து வந்தது, ஜேகோ என்பது ஜேம்ஸ்.

அல்சூர் வாசகியின் இரண்டாவது கேள்வி: டி.என்.ஏ. சோதனை செய்தால் இவ்வளவு அலைச்சல் குறையுமா?

கொஞ்சம் குறையும். குடும்பப் பெயரோடு சேர்ந்து நடப்பது ஒய் குரோமோசோம். அது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். உங்களுக்குப் பாட்டி வழித் தொடர்பு என்பதால் உங்கள் மாதிரியில் அது இருக்காது. எல்லா முன்னோர் வழியையும் சேர்த்துப் பார்க்கும் பொதுச் சோதனை செய்யலாம். பாட்டியின் அப்பாவிடமிருந்து உங்களுக்கு வந்தது சராசரியாக எட்டில் ஒரு பங்கு, ஆகவே அவர் வழி உறவினர் யாரேனும் சோதனை செய்திருந்தால் பொருந்தி வர நல்ல வாய்ப்பு உண்டு. செனோவெத் வழியையே நேராகச் சோதிக்க வேண்டுமென்றால், பாட்டியின் உடன்பிறந்த அண்ணன் தம்பிக்கு மகன் அல்லது மகன்வழிப் பேரன் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் சம்மதித்து மாதிரி கொடுத்தால், ஒய் குரோமோசோமில் 37 இடங்களை ஒப்பிடும் சோதனையில் தொடங்கலாம். அதற்குள் பாரிஷையும் கண்டுபிடித்துவிட்டால், எந்தச் செனோவெத்தோடு ஒப்பிடுவது என்பது தெரிந்திருக்கும்.