ஜெபம் வறண்டுபோன நாட்களில் விழித்திருப்பது எப்படி?

கேள்வி: சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் வளர்ந்தவன் நான். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்டு வேலை பார்க்கிறேன். சில மாதங்களாக வேதத்தைத் திறந்தால் எதுவும் மனதில் தங்குவதில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் கை தானாகக் கைபேசிக்குப் போகிறது. கடைசிக் காலத்தைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்டால் இரண்டு நாள் பயந்து ஜெபிக்கிறேன், பிறகு பழைய நிலைதான். பெரிய பாவத்தில் விழுந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. வேறு சபைக்குப் போனால் சரியாகுமா என்றும் யோசிக்கிறேன். விழிப்பாகவும் விசுவாசத்தில் உறுதியாகவும் இருக்க நடைமுறையில் என்ன செய்வது?

பதில்: பயத்தினால் வந்த ஜெபம் இரண்டு நாளில் தீர்ந்துபோகிறது என்று நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள், அங்கிருந்தே தொடங்கலாம். மத்தேயு 24-ஆம் அதிகாரத்தில், அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர வேறு எவரும் அறியார் என்று சொன்ன இயேசு, விழித்திருக்கும் ஊழியக்காரனுக்கு அடையாளமாகக் காட்டுவது, வீட்டாருக்கு ஏற்ற வேளையில் உணவு கொடுத்துக்கொண்டிருப்பவனை. வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவனை அல்ல. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் போதனையை நம்பிய ஆயிரக்கணக்கானோர் 1844 அக்டோபர் 22 அன்று கர்த்தருடைய வருகைக்காகக் காத்திருந்தார்கள். அந்த நாள் கடந்தபோது பலர் விசுவாசத்திலேயே தளர்ந்துபோனார்கள். தேதியையும் அச்சத்தையும் நம்பி எழுப்பப்பட்ட விழிப்பு பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. ஆகவே அத்தகைய பிரசங்கக் காணொளிகளைச் சில வாரங்களுக்குக் கேட்காமல் இருப்பதால் நீங்கள் எதையும் இழக்கப்போவதில்லை என்பது என் கருத்து.

வேதம் விழிப்பைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ஒரு சாதாரண இரவின் சாதாரண மணிநேரங்களைப் பற்றியே பேசுகிறது. வீட்டெஜமான் எப்போது வருவான் என்று தெரியாது, ‘சாயங்காலத்திலோ, நடுராத்திரியிலோ, சேவல்கூவும் நேரத்திலோ, காலையிலோ’ வரக்கூடும் என்று மாற்கு 13:35 சொல்கிறது. இவை ரோமர் இரவைப் பிரித்த நான்கு ஜாமங்கள். அடுத்த அதிகாரத்தையும் அதைத் தொடரும் 15-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தையும் அந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். சாயங்காலத்தில் பஸ்கா விருந்து, இரவு முதிர்கையில் கெத்செமனே, சேவல் கூவும் நேரத்தில் ‘இயேசுவை அறியேன்’ என்று சீடன் பேதுருவின் மறுதலிப்பு, விடிந்ததும் இயேசு பிலாத்துவிடம் ஒப்புக்கொடுக்கப்படுகிறார். பந்தியில் இருந்தபோது எல்லாரையும்விட உறுதியாகப் பேசியவன் பேதுருதான். பட்டயத்தோடு வந்தவர்களுக்கு எதிரே அவன் அஞ்சவில்லை. குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது ஒரு வேலைக்காரப் பெண் சாதாரணமாகக் கேட்ட கேள்வியில் சரிந்தான். லூக்கா அந்தச் சரிவைப் படிப்படியாகக் காட்டுகிறார்: ஜெபிக்கச் சொன்ன இடத்தில் தூங்கினான், பிறகு தூரத்திலே பின்சென்றான், பிறகு மற்றவர்களோடு நெருப்பருகே உட்கார்ந்தான். இந்த மூன்றில் எதையும் பெரிய பாவம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். உங்கள் கடிதத்தில் உள்ள ‘பெரிய பாவத்தில் விழவில்லை’ என்ற வரியைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்த வரிசைதான்.

எனவே உங்கள் முதல் வேலை, உங்களுடைய பலவீனமான மணிநேரம் எது என்று கண்டறிவது. இது புதிய யோசனை அல்ல. கி.பி. 399-இல் இறந்த எவாகிரியுஸ் என்ற துறவி, எகிப்தின் பாலைவனத்தில் தனிக்குடிலில் வாழ்ந்தவர்களைத் தாக்கும் ஒருவகைச் சோர்வைப் பற்றி எழுதும்போது, அது காலை பத்து மணியளவில் தொடங்கிப் பிற்பகல் இரண்டு மணி வரை நீடிக்கும் என்று நேரத்தையே குறித்துவைத்தார். அந்த நேரத்தில் துறவிக்குச் சூரியன் நகராமல் நிற்பதுபோலவும், ஒரு நாளுக்கு ஐம்பது மணிநேரம் இருப்பதுபோலவும் தோன்றும்; உணவு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சன்னலையே பார்ப்பான்; உடன் இருப்பவர்களுக்கு அன்பே இல்லை என்று குறைப்படுவான்; கடைசியில், வேறிடம் போனால் தேவனை இன்னும் நன்றாகச் சேவிக்கலாமே என்று எண்ணத் தொடங்குவான். சன்னலின் இடத்தில் கைபேசியை வைத்தால் அது உங்கள் கடிதமாகவே இருக்கிறது, சபை மாறும் யோசனை உட்பட.

ஒரு வாரத்துக்கு ஒரு சிறிய நோட்டில் இரண்டு விஷயங்களை மட்டும் எழுதுங்கள்: மனம் தளர்ந்தது எந்த நேரத்தில், அதற்குச் சற்று முன் வந்த எண்ணம் என்ன. இரண்டாம் ஷிப்டு முடித்து நள்ளிரவில் அறைக்குத் திரும்பி, சாப்பிட்டுப் படுத்தபின் கையில் கைபேசியோடு கழியும் முக்கால் மணிநேரமாக அது இருக்கலாம். சூப்பர்வைசர் எல்லார் முன்னிலையிலும் பேசிய பேச்சை மனதில் திரும்பத் திரும்ப ஓட்டிப்பார்க்கும் பேருந்துப் பயணமாகவும் இருக்கலாம். எண்ணம் வருவதைத் தடுக்க முடியாது. அது வந்து உட்கார்ந்து பேசத் தொடங்குவதற்கு முன் அடையாளம் கண்டுகொள்வதைத்தான் பழைய ஆசிரியர்கள் விழிப்பு என்று கருதினார்கள். நேரம் தெரிந்துவிட்டால் அதற்குரிய ஏற்பாட்டைச் செய்வது எளிது: கைபேசியைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுப்பது, பேருந்தில் ஏறியதும் மனப்பாடமான ஒரு சங்கீதத்தை முணுமுணுப்பது.

உடலையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதிகாலை நான்கு மணி ஜெபத்தைப் பற்றி நம் சபைகளில் பேசப்படுவதைக் கேட்டு, இரவு ஷிப்டு முடித்து வருகிறவர்களும் தங்களைக் குற்றவாளிகளாக எண்ணிக்கொள்கிறார்கள். இது தேவையற்ற பாரம். சூரைச்செடியின்கீழ் சாகவேண்டுமென்று கேட்ட எலியாவுக்குத் தூதன் உபதேசம் எதுவும் செய்யவில்லை; அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் கர்த்தர் பேசியது அதன் பிறகுதான். உங்கள் ஜெபவேளை கடிகாரத்தைச் சார்ந்திராமல் ஷிப்டைச் சார்ந்திருக்கட்டும்: வேலைக்குக் கிளம்புமுன் பத்து நிமிடம் போதும், ஆனால் அந்தப் பத்து நிமிடம் ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்க வேண்டும். இரவு வேலை வாரத்தில் 134-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இராக்காலங்களில் ஆலயத்தில் நிற்கிறவர்களுக்காகவே பாடப்பட்டது, மூன்றே வசனங்கள். சொந்த வார்த்தைகள் வராத நாளில் சங்கீதத்தை வாய்விட்டு வாசிப்பதே ஜெபம்தான். வறட்சியோடு சேர்ந்து வாரக்கணக்கில் தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, உயிர்வாழ விருப்பமின்மை ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

சபை மாறுவதைப் பற்றி, இயேசு சபைத் துறவறத்தைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் தந்த ஒரு விதியைவிடத் தெளிவான ஆலோசனை எனக்குத் தெரியவில்லை; அவர் கத்தோலிக்கர் என்பதற்காக அதைத் தள்ளிவிட வேண்டாம். ஆறுதலற்ற காலத்தில் எந்த மாற்றத்தையும் செய்யாதே, அதற்கு முந்தைய நாளில் எடுத்திருந்த தீர்மானத்திலேயே நில் என்பது அது. அவருடைய பயிற்சி நூல் 1548-இல் அச்சானது. சோர்வில் எடுத்த முடிவுகளால் குலைந்துபோன வாழ்க்கைகளைப் பார்க்கும்போது அந்த விதி இன்றும் செல்லும் என்றே தோன்றுகிறது. தவறான உபதேசம், பணத்துக்காக மிரட்டுவது, பெண்களையோ பிள்ளைகளையோ துன்புறுத்துவது போன்றவை நடந்தால் அது வேறு விஷயம். அங்கிருந்து உடனே வெளியேறலாம், வெளியேறவும் வேண்டும். பாட்டு பிடிக்கவில்லை, ஆயர் பேச்சில் அனல் இல்லை என்பவை காரணமானால், வறட்சி நீங்கும் வரை அதே பெஞ்சில் உட்காருங்கள்.

இதை எல்லாம் தனியாகச் செய்ய முயல வேண்டாம். ‘விழித்திருங்கள்’ என்ற 1 பேதுரு 5:8 நம்மிடையே அடிக்கடி தனியாக மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அதற்கு முந்தைய வசனம், ‘அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்’ என்கிறது. பிந்தைய வசனம் உலகெங்குமுள்ள சகோதரர்கள் இதே பாடுகளைச் சந்திக்கிறார்கள் என்கிறது. கவலையை இறக்கிவைத்தவனும் துணையை அறிந்தவனும்தான், எட்டாம் வசனம் கெர்ச்சிக்கிற சிங்கம் என்று சொல்லும் பிசாசுக்கு எதிர்த்து நிற்கச் சொல்லப்படுகிறான். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-இல் சிறு குழுக்களுக்கு வகுத்த விதிகளில், ஒவ்வொரு வாரமும் கேட்கப்படவேண்டிய கேள்விகளைக் குறித்தார்: தெரிந்து செய்த பாவம் என்ன, என்ன சோதனை வந்தது, எப்படி விடுவிக்கப்பட்டீர்கள், பாவமா இல்லையா என்று சந்தேகப்படும் காரியம் உண்டா. முழுக் குழு வேண்டாம். உங்கள் சபையில், நீங்கள் சொன்னதை வெளியே சொல்லாத ஒரு மூத்த அண்ணனைக் கண்டுபிடித்து, வாரம் ஒருமுறை அரைமணிநேரம் இந்த நான்கு கேள்விகளோடு உட்காருங்கள். முதல் சந்திப்பில் அந்த நோட்டைக் கொண்டுபோங்கள்.

இத்தனைக்குப் பிறகும் நீங்கள் தவறும் நாள் வரும். ‘உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு நான் உனக்காக வேண்டிக்கொண்டேன்’ என்று இயேசு பேதுருவிடம் சொன்னது அவன் மறுதலிப்பதற்கு முன்பே. உங்கள் உறுதியும் அந்த வேண்டுதலின்மேல்தான் நிற்கிறது, உங்கள் நோட்டின்மேல் அல்ல. ஆகவே தவறிய அன்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை ஒளிந்துகொண்டிருக்காமல், அந்த அண்ணனுக்கு அன்றிரவே போன் செய்துவிட்டு, மறுநாள் ஷிப்டுக்கு முந்தைய பத்து நிமிடத்தில் வழக்கம்போல் உட்காருங்கள்.