டெல்லியில் மழையே இல்லை. ஆகஸ்ட் கடைசியில் அப்பா அம்மாவோடு மலைக்குப் போகலாமா?

"ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் பத்ரிநாத்தும் மணாலியும் காட்டலாம் என்றிருக்கிறோம். டெல்லியில் மழையே காணோம், இந்த வருஷம் பருவமழை குறைவு என்றும் செய்தியில் சொல்கிறார்கள். தைரியமாக டிக்கெட் போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள். செப்டம்பர் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.

டெல்லி வானத்தைப் பார்த்து மலையைக் கணக்குப் போடவே கூடாது. ஆகஸ்டில் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் மழை விட்டு, கூலர் போட்டாலும் கசகசவென்று வியர்த்துக் கொட்டுகிறதே, பெரும்பாலும் அந்த நாட்களில்தான் மலையில் மழை வலுக்கிறது. ராஜஸ்தானிலிருந்து வங்கக்கடல் வரை ஒரு தாழ்வழுத்தப் பட்டை நீண்டு கிடக்கும். அது வடக்கே நகர்ந்து இமயமலை அடிவாரத்தில் போய் நின்றுவிட்டால் சமவெளியில் மழை நின்றுபோகும். ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலே ஏறி, அங்கேயே கொட்டித் தீர்க்கும். நம் வீட்டு மாடியில் துணி நன்றாகக் காய்ந்தால், அங்கே ஆபத்து என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

2023 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் மழை இயல்பைவிட 36 சதவீதம் குறைவு. 1901 முதல் பதிவான ஆகஸ்டுகளிலேயே வறண்டது அதுதான். அதே மாதம் 14ஆம் தேதி காலை சிம்லா சம்மர் ஹில்லில் நிலச்சரிவு ஒரு சிவன் கோயிலையே அடித்துக்கொண்டு போனது. வடக்கே சிவனுக்கு உகந்த சாவன் மாதத்துத் திங்கட்கிழமை, கும்பிட வந்தவர்கள் உள்ளே இருந்தார்கள். பக்கத்தில் கால்கா–சிம்லா ரயில் பாதை அடியில் மண்ணே இல்லாமல் அந்தரத்தில் தொங்கியது. "மழை குறைவு" என்ற செய்தி அவர்களுக்கு எந்த விதத்தில் உதவியிருக்கும்?

ஜூலை கடைசியில் வானிலைத் துறை சொல்லும் ஆகஸ்ட்–செப்டம்பர் கணிப்பு, இரண்டு மாதத்துக்கும் பெரிய பரப்புக்கும் சேர்த்துச் சொல்வது. விவசாயத்துக்கும் அணைக்கும் அது தேவை. நீங்கள் போகிற பள்ளத்தாக்கில் நீங்கள் போகிற நாளில் என்ன நடக்கும் என்பதை அது சொல்லாது. மேகவெடிப்போ இன்னும் மோசம். 20, 30 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. கொட்டுவதை முந்தின நாளே இடம் குறித்துச் சொல்ல முடியாது. மலையில் சுர்கண்டா தேவி, முக்தேஷ்வர், குஃப்ரி என்று பல இடங்களில் மழைமேகத்தைக் கண்காணிக்கும் டாப்ளர் ராடார்கள் வைத்திருக்கிறார்கள். அவையும் சில மணி நேரத்துக்கு முன்னால்தான் எச்சரிக்கும்.

டெல்லியில் இருந்துகொண்டே மலையில் எப்படி என்று தெரிய வேண்டுமானால் யமுனையைப் பாருங்கள். ஹரியானாவில் யமுனைக்குக் குறுக்கே இருக்கிற ஹத்னிகுண்ட் தடுப்பணையில் திறக்கும் தண்ணீர் இங்கே வர இரண்டு மூன்று நாளாகும். 2023 ஜூலையில் ஆற்றின் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 208.66 மீட்டருக்கு ஏறி, மணாலி பஸ் கிளம்புகிற மஜ்னு கா டீலா பக்கமெல்லாம் தண்ணீர் புகுந்ததற்கு, மலையில் பெய்த பேய்மழைதான் முக்கியக் காரணம்.

எனக்கு மழையைவிட ரோடுதான் பயம். மணாலிக்கு மண்டி–பண்டோ வழி, பத்ரிநாத்துக்கு ஸ்ரீநகர் (காஷ்மீர் அல்ல, உத்தராகண்டில் இருப்பது) தாண்டி சிரோபகட். இங்கெல்லாம் மழை நின்று வெயில் அடித்த பிறகும் கல் உருளும். அந்த இடம் வந்ததும் பழகிய டிரைவர்கள் பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி, காதைக் கொடுத்து ஓட்டுவார்கள். மேலே சரளை சரசரக்கிற சத்தம் கேட்டால் வண்டியை அப்படியே நிறுத்திவிடுவார்கள். ரோடு அடைத்துவிட்டால் புல்டோசர் வந்து ஒதுக்கும்வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். சர்க்கரை மாத்திரை, பாத்ரூம், சாப்பாடு என்று வயதானவர்களை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரியைக் காருக்குள் கழிப்பது பெரும்பாடு.

லடாக்கில் இருக்கிற லே போகலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மழை மறைவுப் பிரதேசம், விமானத்திலேயே இறங்கலாம், உண்மைதான். ஆனால் 3,500 மீட்டர் உயரம். பெரியவர்களை நேராக அங்கே இறக்குவதற்கு டாக்டர் சொல்லாமல் நான் சரி சொல்ல மாட்டேன். ஆகஸ்டில்தான் வர முடியும் என்றால் ஹரித்வாருக்கு ரயிலில் போய் கங்கையில் குளித்துவிட்டுத் திரும்புங்கள், அது போதும்.

பருவமழை வழக்கமாக மேற்கு ராஜஸ்தானிலிருந்து செப்டம்பர் 17 வாக்கில் விலகத் தொடங்கும், டெல்லியை விட்டு 25 வாக்கில் போகும். அதையொட்டி மலையிலும் வானம் தெளியும், தூசியெல்லாம் கழுவிப்போய் பனிச்சிகரங்கள் பளிச்சென்று தெரியும். ஊரில் காலாண்டு விடுமுறையும் அப்போதுதான், அக்கா குழந்தைகளையும் சேர்த்துக் கூப்பிடலாம்.

அப்போதும் கண்ணை மூடிக்கொண்டு கிளம்ப வேண்டாம். 2021 அக்டோபரில், மழைக்காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் இருந்தபோது, முக்தேஷ்வரில் ஒரே நாளில் 340.8 மி.மீ. பெய்தது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வானிலைத் துறையின் மாவட்ட வாரியான எச்சரிக்கையைப் பாருங்கள். பத்ரிநாத் இருக்கிற சமோலி மாவட்டம் மட்டுமல்ல, வழியில் வருகிற பௌரி, ருத்ரபிரயாக் எல்லாவற்றையும் பாருங்கள். ஒன்றில் ஆரஞ்சு எச்சரிக்கை இருந்தாலும் ரிஷிகேஷிலேயே தங்கிவிடுங்கள். அதற்காகவே கையில் ஒரு நாள் உபரியாக வையுங்கள், ரத்து செய்யக்கூடிய அறையாகப் போடுங்கள். பத்ரிநாத்தில் செப்டம்பரிலேயே ராத்திரி கடுங்குளிர்; அப்பாவுக்குக் கம்பளிக் குல்லாவும் அம்மாவுக்கு சாக்ஸும் இங்கேயே வாங்கிவிடுங்கள்.